மூன்று பொத்தான், ஒரே அண்ணாச்சி

இருபத்து மூன்று வினாடி நீளத்துக்கு என் குரல் தாராவியில் ஒரு குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் கிடக்கிறது. அதை அழிக்க எனக்கு வழியில்லை. நான் அனுப்பியது குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரிக்கு. குழுவில் போட்டது அவர். ரத்தப் பரிசோதனை முடிவை வாசிக்கும் டாக்டர் மாதிரி அதில் நிதானமாகப் பேசுகிறேன். "புரோகிராம்ல தப்பு இல்ல அண்ணாச்சி. நான் செக் பண்ணித்தான் குடுத்தேன். சொன்னத மட்டுந்தான் அது செய்யும். மதினி ஏ-வ அமுக்குறதுக்குப் பதிலா சி-ய அமுக்கியிருப்பாங்க. இதுக்கு எங்க லைன்ல யூசர் எரர்னு பேரு." கடைசியில் லேசாக ஒரு சிரிப்பு வேறு.

பேச்சைக்கூட மன்னித்துவிடுவேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயை நானே குத்தவேண்டும் போலிருக்கிறது.

யூசர் எரர் என்பது என் வயிற்றுப்பாட்டு மந்திரம். விக்ரோலியில் ஒரு கம்பெனியில் இருபது வருஷத்துக்கும் மேலாகப் புரோகிராம் எழுதுகிறேன். ஐம்பத்தொரு வயது, முன்னால் தொப்பை, பின்னால் வழுக்கை. திரையில் எது கோளாறானாலும் அமுக்கியவரைக் கைகாட்டிவிட்டு டீ குடிக்கப் போவது எங்களுக்குப் பழக்கம். அமுக்கியவர் எங்கோ புனேயிலோ நாசிக்கிலோ இருப்பார், முகம் தெரியாது. இந்த முறை அமுக்கியவருக்கு முகம் இருந்தது. என் கல்யாணத்தில் எனக்கு வேட்டி கட்டிவிடச் சொல்லித் தன் புருஷனை அனுப்பிய முகம்.

மதினி எனக்கு ரத்த சொந்தம் இல்லை. தாராவியில் நான் பிறந்த சந்தில் அடுத்த வீட்டு அண்ணனைக் கட்டிக்கொண்டு, நான் காலேஜில் படிக்கும்போது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தார். அன்றிலிருந்து மதினிதான். பிறகு சந்தை இடித்து ஏழு மாடிக் கட்டடம் கட்டினார்கள். ஏ, பி, சி என்று மூன்று விங், மூன்றுக்கும் சேர்த்து ஒரே மொட்டை மாடி. நான் கல்யாணம் முடித்துச் செம்பூருக்குப் போய்விட்டேன். மதினி சி விங்கில் மூன்றாவது மாடி. அண்ணன் தவறிய பிறகு சொசைட்டியில், அதாவது குடியிருப்புச் சங்கத்தில், பம்ப் ஆபரேட்டர் வேலை கொடுத்தார்கள்.

அந்த வேலையை மதினி எப்படிச் செய்வார் என்பதைச் சொன்னால்தான் நான் செய்த காரியத்தின் லட்சணம் புரியும். காலை ஆறு மணிக்கு முனிசிபாலிட்டித் தண்ணீர் கீழே தரைக்குள் இருக்கும் தொட்டிக்கு வரும். பம்பைப் போட்டால் ஒரே குழாயில் மொட்டை மாடிக்கு ஏறும். அங்கே குழாய் மூன்றாகப் பிரிந்து மூன்று விங்கின் தொட்டிக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. ஏ விங்குக்கு அரை மணி நேரம், பி-க்கு அரை மணி நேரம், சி-க்கு அரை மணி நேரம் என்று ஒன்றை மூடி அடுத்ததைத் திறக்கவேண்டும். இதற்காக மதினி தினமும் ஏழு மாடி ஏறினார். லிஃப்ட் இருக்கிறது. நாலாவது மாடி வரை ஒழுங்காகப் போகும், அதற்கு மேல் அதன் இஷ்டம். இத்தனை வருஷத்தில் எந்த விங்கும் ஒரு நாள்கூடத் தண்ணீர் குறைந்தது என்று சொன்னதில்லை. மதினியின் முட்டிதான் போய்விட்டது.

ஒரு விசேஷத்தில் அவர் படியில் பக்கவாட்டாக இறங்குவதைப் பார்த்தேன். உடனே எனக்குள் இருந்த வள்ளல் விழித்துக்கொண்டான். "வால்வுக்கு மோட்டார் மாட்டிருவோம் மதினி. கீழ பம்ப் ரூம்ல ஒரு கம்ப்யூட்டர். நீங்க உக்காந்த இடத்துல பொத்தான அமுக்குனா மேல தொறக்கும்" என்றேன். செக்ரட்டரிக்குச் சொல்லவே வேண்டாம். லெதர் பை பட்டறை வைத்திருக்கும் மனிதர், ஏ விங்காரர், மாடர்ன் என்ற சொல்லைக் கேட்டால் கண் கலங்குபவர். மோட்டாரும் பழைய கம்ப்யூட்டரும் சொசைட்டி வாங்கியது. மூளை மட்டும் நான் கொடுத்தேன். அது எவ்வளவு மலிவு என்று அப்போது தெரியவில்லை.

முதலில் வெள்ளோட்டமாக ஏ விங் வால்வுக்கு மட்டும் மோட்டார் மாட்டினோம். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு பொத்தான் எழுதினேன். சாதாரணப் பொத்தான் இல்லை. எந்த வேலைக்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கொள்ளும்படி தனியாக எழுதி வைத்த பொத்தான். இப்படி எழுதும்போது ஒரு விதி உண்டு. தன்னை யார் ஒட்டினார்கள், அமுக்கினால் எந்த வால்வு திறக்கப்போகிறது என்பதெல்லாம் பொத்தானுக்குத் தெரியக்கூடாது. ஒட்டுகிறவன் ஒட்டும்போதே, "அமுக்கினால் இவரைக் கூப்பிடு" என்று ஒருவரைக் காட்டிவிடுவான். அமுக்கியதும் பொத்தான் அவரைக் கூப்பிடும், அவர் போய் வால்வைத் திறப்பார். பொத்தானின் வேலை கூப்பிடுவது மட்டும்.

அந்தக் கூப்பிடப்படும் ஆளுக்கு ஒரு பெயர் வேண்டும். நான் ஆங்கில எழுத்தில் 'அண்ணாச்சி' என்று வைத்தேன். எங்கள் சந்தில் வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? பேர் தெரியாத யாரையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கடைக்காரர் அண்ணாச்சி, கண்டக்டர் அண்ணாச்சி, வழி கேட்க நிறுத்திய போலீஸ்காரரும் அண்ணாச்சி. பொத்தானும் யாரென்று தெரியாமல் அண்ணாச்சி என்று குரல் கொடுக்கும், பொறுப்பானவர் வந்து வேலையைப் பார்ப்பார். விக்ரோலி ஆபீஸில் நாலு பேரைக் கூப்பிட்டு இதைக் காட்டினேன். சிரித்தார்கள். அந்த வருஷம் நான் அடித்த ஒரே நல்ல ஜோக் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு பி-க்கும் சி-க்கும் மோட்டார் வந்தது. செம்பூரில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதே பொத்தானை இன்னும் இரண்டு முறை ஒட்டினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. லேப்டாப்பிலேயே மூன்றையும் அமுக்கிப் பார்த்தேன். திரையில் விளக்கு எரிந்தது: ஏ பச்சை, பி பச்சை, சி பச்சை. செக் பண்ணித்தான் கொடுத்தேன் என்று அந்த ரெக்கார்டிங்கில் சொல்கிறேனே, அது இதுதான்.

வியாழக்கிழமை கொண்டுபோய்ப் போட்டேன். செக்ரட்டரி மாலை வாங்கி வைத்திருந்தார். மாலை எனக்கா கம்ப்யூட்டருக்கா என்று கொஞ்ச நேரம் குழப்பம் இருந்தது, கடைசியில் எனக்குத்தான் விழுந்தது. ஏ-வை அமுக்கினேன். பச்சை எரிந்தது. குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். ஒருத்தர்கூட மாடிக்குப் போய்ப் பார்க்கவில்லை. அப்புறம் கம்ப்யூட்டர் எதற்கு?

சனிக்கிழமை காலை மதினி போன் பண்ணினார்.

"தம்பி, ஏ விங்குலயும் பி விங்குலயும் ரெண்டு நாளா தண்ணி ஏறலையாம். சி விங் தொட்டி நெறஞ்சு செவுரு பூரா வழியுது. எல்லாரும் என்னிய வந்து கேக்காவ."

"பொத்தான மாத்தி அமுக்கிட்டீங்களோ மதினி?"

"நானா?"

"பழக்கம் இல்லேல்ல. அவசரத்துல கை மாறியிருக்கும்."

"மொதல்ல ஏ. பெறவு பி. பெறவு சி. பச்சை எரியுததப் பாத்துட்டுத்தான் பம்பையே போடுதேன்."

"புரோகிராம் தப்பு பண்ணாது மதினி."

பிறகு, "சரி" என்று வைத்துவிட்டார். அந்தச் சரியில் என்ன இருந்தது என்று கேட்கும் காது அன்று எனக்கு இல்லை.

அரை மணி நேரத்தில் செக்ரட்டரி. "நீங்க சொல்லுதத ஒரு வாய்ஸ்ல போட்டு அனுப்பிருங்க சார். காலி பீலி, சும்மாவே ஆளாளுக்குப் பேசுதானுவ, ஒரு எஞ்சினியர் சொன்னா வாய மூடுவானுவ." எதற்கு என்று நான் கேட்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு இருபத்து மூன்று வினாடி பேசி அனுப்பினேன். பக்கத்தில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியை நிறுத்தினாள். மாட்டுங்காவில் ஆபீஸ்காரர் வீட்டில் வளர்ந்தவள். எதையும் சத்தமாகக் கேட்க மாட்டாள்.

"புரோகிராம திறந்து பாத்துட்டா சொன்னீங்க?"

"பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

"இல்ல, அந்த அம்மா பொத்தான அமுக்குறத நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"ரெண்டையும் பாக்கல" என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மதினியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கட்டட வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸ். பதினோரு மணிக்கு எல்லா விங்கும் கூட்டம். பொருள்: தன் விங்குக்கு மட்டும் தண்ணீர் விட்ட பம்ப் ஆபரேட்டரை நீக்குவது. கீழே, கம்ப்யூட்டர் எஞ்சினியரின் சாட்சியம் இணைக்கப்பட்டுள்ளது.

சாட்சியம். என் இருபத்து மூன்று வினாடிக்கு அப்படி ஒரு பேர் கிடைத்திருந்தது.

செம்பூரிலிருந்து தாராவிக்குப் பக்கத்துச் சயான் வரை பஸ்ஸில் போகும்போது எல்லோர் மேலும் கோபம் வந்தது. கேட்காமல் என் குரலை எடுத்து ஒட்டிய செக்ரட்டரி மேல். வருஷக்கணக்காக அந்த அம்மா ஏறி இறங்கியதைப் பார்த்தும் இரண்டு நாளில் திருடி என்று முடிவு கட்டிய ஏ விங் மேல். எனக்கு முன்னால் உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்த, இதில் ஒரு சம்பந்தமும் இல்லாத ஒரு மனிதர் மேல்கூட. என் மேல் மட்டும் வரவில்லை. அப்போதும் பொத்தான் மாறித்தான் அமுக்கியிருப்பார், பாவம், நயமாகப் பேசி வேலையைக் காப்பாற்றிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

பம்ப் ரூமில் மதினி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வா என்று சொல்லவில்லை.

"எஞ்சினியர் தம்பிக்கு வழி தெரிஞ்சுதா?"

"மதினி, நான் அப்படி நெனச்சு சொல்லல..."

"எப்படி நெனச்சு சிரிச்சிய?"

நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க மேல போங்க" என்றார். "நான் இங்கன இருந்து ஒவ்வொண்ணா அமுக்குதேன். போன காதுல வச்சுட்டு, எது தொறக்குன்னு கண்ணால பாத்துச் சொல்லுங்க."

லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றுவிட்டது. மீதி மூன்று மாடி ஏறி, மொட்டை மாடியில் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"ஏ-வ அமுக்கியாச்சு. பச்சை எரியுது."

ஏ விங் வால்வுக்கு முன்னால் நின்றேன். அது அசையவில்லை. எனக்குப் பின்னால் இருபதடி தள்ளி உர்ர் என்று ஒரு சத்தம். திரும்பினேன். சி விங் வால்வின் மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது.

"மதினி, நெசமாவே ஏ-வத்தான் அமுக்குனீங்களா?"

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். கண்ணெதிரே நடக்கும்போதும் நான் கேட்டது இதைத்தான்.

"வெரல்ல மை தடவிட்டு அமுக்கவா?" என்றார் மதினி. "இப்பம் பி."

சி வால்வு மூடித் திறந்தது.

"இப்பம் சி."

சி.

இறங்கும்போதுதான் கோபம் சரியான விலாசத்துக்கு வந்து சேர்ந்தது. ஏழு மாடியும் என்னை நானே திட்டிக்கொண்டு இறங்கினேன். ஐந்தாவது மாடியில் யாரோ கதவைத் திறந்து, நான் போனில் சண்டை போடுகிறேன் என்று நினைத்து மறுபடி சாத்திக்கொண்டார்கள்.

கீழே வந்து புரோகிராமைத் திறந்தேன். திரை முழுக்க எழுத்து. மதினி ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று பொத்தானுக்கும் சரியான வால்வைத்தான் காட்டியிருந்தேன். ஏ-வுக்கு ஏ, பி-க்கு பி, சி-க்கு சி. அப்புறம் ஏன்?

"இதென்ன, அண்ணாச்சின்னு போட்டிருக்கு?" மதினி திரையில் விரல் வைத்தார். ஆங்கில எழுத்து அவருக்கு நன்றாகவே வாசிக்க வரும். அது தெரிந்திருந்தும் 'கை மாறியிருக்கும்' என்று சொன்னேன் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

"அது... பொத்தான அமுக்குனா யாரையாவது கூப்புடணும்ல மதினி. அந்த ஆளுக்குப் பேரு. சும்மா, ஒரு தமாஷுக்கு."

"மூணு பொத்தானும் அண்ணாச்சின்னுதான் கூப்புடுதா?"

"ஆமா."

"எந்த அண்ணாச்சிய?"

நான் திரையை நெருங்கிப் பார்த்தேன்.

"வெளிய தெருவுல நின்னு அண்ணாச்சின்னு கூப்புட்டா பத்துப் பேரு திரும்புவாவ. ஒங்க பெட்டியில ஒருத்தன்லா திரும்புதான். சி விங்காரன்."

அவ்வளவுதான் விஷயம். போனில் ஒரு நம்பரை அண்ணாச்சி என்று பதிந்துவைக்கிறோம். இன்னொரு நம்பர் வருகிறது, அதையும் அதே பேர் மேலேயே பதிகிறோம். பழைய நம்பர் போய்விடும். மூன்றாவதையும் அப்படியே செய்தால், யாரை நினைத்துக்கொண்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டாலும் மூன்றாமவர்தான் எடுப்பார். ஒவ்வொரு பொத்தானும் தன் அண்ணாச்சியைத் தன் மடியிலேயே முடிந்து வைத்திருக்க வேண்டும். நானோ மூன்று பொத்தானுக்கும் பொதுவாக ஒரே ஒரு சீட்டு வைத்து, அதில் அண்ணாச்சி என்று எழுதி, முதலில் ஏ-வின் ஆளைப் பதிந்து, அதன் மேல் பி, அதன் மேல் சி என்று அழித்து அழித்துப் பதிந்திருந்தேன். ஒரே பொத்தான் இருந்த மாதத்தில் இது தெரிய வழியே இல்லை. ஒரே அண்ணாச்சி இருக்கிற ஊரில் குழப்பம் ஏது?

பைத்தான் படிக்க வருகிற யாருக்கும் முதல் மாதத்திலேயே, இப்படிச் செய்யாதே என்று சொல்லித் தருவார்கள். அப்படிச் சொல்லித் தருகிறவர்களில் நானும் ஒருவன்.

"சரி, அது கெடக்கட்டும்" என்றார் மதினி. "பச்சை எரிஞ்சுதே. அது யாரு சொல்லி எரிஞ்சுது?"

"அதுவா எரியும். அமுக்குனா எரியும்."

"வால்வு தொறந்துட்டுன்னு மேலருந்து யாரும் சொல்லலையா?"

"இல்ல."

"பெறவு எதுக்கு அது பச்சை?"

அதுதான் என்னை உண்மையிலேயே அறைந்த கேள்வி. அண்ணாச்சி விவகாரம் மறதி. பச்சை மறதி இல்லை, சோம்பேறித்தனம். வேலை நடந்ததா என்று கேட்காமலே நடந்துவிட்டது என்று விளக்கைப் போடும் ஒன்றை நான் எழுதி, அதன் முன்னால் ஒரு மனுஷியை உட்காரவைத்து, அவர் சொல்லை நம்பாமல் அந்த விளக்கை நம்பினேன்.

"பத்து நிமிஷம் மதினி. சரி பண்ணிர்றேன்" என்று கையை விசைப்பலகைக்குக் கொண்டுபோனேன். மதினி என் மணிக்கட்டைப் பிடித்து மேசையில் அமுக்கினார்.

"தொடாதிய. இப்பம் சரி பண்ணிட்டா, நேத்தும் சரியாத்தான் இருந்துச்சும்பாவ. எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

இதுகூட எனக்குத் தோன்றவில்லை. சாட்சியை அழிக்கப் போன எஞ்சினியர் நான்.

பதினோரு மணிக்கு மூன்று விங்குக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். போகிற வழியில் செக்ரட்டரியை ஓரமாக நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் ஒரு நிமிஷம் சுருங்கி, மறுபடி விரிந்தது.

"அரே சார், டென்ஷன் ஆவாதிய. டெக்னிக்கல் பிராப்ளம்னு ஒரு வார்த்தையில முடிச்சிருவோம். மிஷின்லயும் கொஞ்சம் தப்பு, அந்தம்மாட்டயும் கொஞ்சம் தப்பு. பராபர், சரிக்குச் சரி."

"அவுங்கட்ட என்ன தப்பு?"

"இல்ல, சும்மா ஒரு பேலன்ஸுக்கு."

போய் மைக்கைப் பிடித்து என் குரலை முழுக்க ஓடவிட்டார். என் சிரிப்பு மூன்று சுவரில் மோதித் திரும்பி வந்தது. அது அடங்குவதற்குள் நான் எழுந்து மைக்கை வாங்கினேன். வாங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. தப்பு முழுக்க என்னுடையது, மதினி சரியாகத்தான் அமுக்கினார், நான் பார்க்காமல் பேசினேன் என்று சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன்.

ஏ விங் முன்வரிசையில், மடியில் பிள்ளையை வைத்திருந்த ஒரு அக்கா கேட்டார். "ரெண்டு நாளா பிள்ளைய குளிப்பாட்டாம ஸ்கூலுக்கு அனுப்புதேன். அந்த ரெக்கார்டிங்ல சிரிச்சியளே, அது எதுக்கு?"

கையிலிருந்த மைக்கைத் தாழ்த்தினேன்.

அவருக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல். "இவரு அந்தம்மாவுக்குக் கொழுந்தன் மொற. அப்படித்தான் பேசுவாரு."

நாற்காலிகள் தலையாட்டின. அங்கே நின்றபோது எனக்கு வந்த கோபம் இதுவரை வேறு எதற்கும் வந்ததில்லை. நேற்று அந்த அம்மாள் மேல் பழி சொன்னபோது நான் எஞ்சினியர். ஒருத்தர்கூட என்ன முறை என்று கேட்கவில்லை. இன்று பழி இல்லை என்று சொன்னதும் கொழுந்தன் ஆகிவிட்டேன். பார்க்காமல் சொன்னது சாட்சியம், ஏழு மாடி ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்னது சொந்தபந்தம். கத்தினேன். என்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை. இந்தி, தமிழ், கொஞ்சம் மராத்தி எல்லாம் கலந்து வந்தது. மைக் கீச்சென்று அலறியது. யாரோ சிரித்தார்கள்.

மதினி எழுந்து வந்து மைக்கை என்னிடமிருந்து எடுத்து, அணைத்து, மேசையில் வைத்தார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

"செக்ரட்டரி அண்ணாச்சி, நீங்க மொட்டை மாடிக்குப் போங்க. எங்க கொழுந்தனாரு போவாண்டாம். பொத்தான நானும் அமுக்கல." மடியில் பிள்ளை வைத்திருந்த அக்காவைப் பார்த்தார். "நீ வா தாயி. ஒன் வெரலால அமுக்கு."

செக்ரட்டரி மேலே போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. லிஃப்ட் அவரையும் நாலாவது மாடியில் இறக்கிவிட்டது என்பதில் எனக்கு அற்பமான ஒரு திருப்தி. அதற்குள் பம்ப் ரூம் வாசலில் பாதிக் கூட்டம் முண்டியடித்துக்கொண்டிருந்தது. அக்கா பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு ஏ-வை அமுக்கினார். பச்சை எரிந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அண்ணாச்சி, எது தொறந்துச்சு?" என்றார் மதினி.

மேலேயிருந்து வெறும் மூச்சு.

"எதுன்னு சொல்லுங்க, எல்லாரும் கேக்காவ."

"சி" என்றது போன்.

"பி-ய அமுக்கு தாயி."

மறுபடி மூச்சு. "இதுவும் சி."

பிறகு பின்னாலிருந்து ஒருத்தர், "அப்பம் ஏ விங் அக்காவுக்கும் சி விங்குல சொந்தம் இருக்குபோல" என்றார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டார். மதினி சிரிக்கவில்லை.

வேலை போகவில்லை. செக்ரட்டரி இறங்கி வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டெக்னிக்கல் பிராப்ளம். கூட்டம் முடிஞ்சுது" என்றார். மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. இரண்டு நாள் வாசலில் வந்து திட்டியவர்கள் நாற்காலியை அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நோட்டீஸைக்கூட மதினியே கிழித்தார்.

நான் பம்ப் ரூமுக்குப் போய்ப் புரோகிராமைத் திருத்தினேன். ஒவ்வொரு பொத்தானுக்கும் அதனதன் ஆள். மேலே வால்வு திறந்து முடிந்து, திறந்தாயிற்று என்று திரும்பிச் சொன்னால்தான் பச்சை. அதற்கு வால்வில் ஒரு சின்னச் சாமானும் ஒரு வயரும் கூடுதலாக மாட்டவேண்டும். அது வர ஒரு வாரம் ஆகும் என்றேன்.

"வரட்டும்" என்றார் மதினி. "அதுவர கையாலதான் தொறக்கணும். எனக்கு முட்டி வலி."

"ஆமா மதினி."

"செம்பூர்லருந்து ஆறு மணிக்கு வந்துருவியளா?"

அந்த வாரம் முழுக்க விடியும் நேரத்தில் செம்பூரில் பஸ் ஏறினேன். மனைவி பிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்தாள். வேறொன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மொட்டை மாடியில் மோட்டாரை விலக்கிவிட்டுக் கைப்பிடியால் வால்வைத் திருப்புவேன். மதினி கீழே போனோடு இருப்பார்.

"ஏ."

"தொறந்தாச்சு மதினி."

"கண்ணால பாத்தியளா?"

"பாத்தேன்."

"தொட்டியில தண்ணி விழுதா?"

"விழுது."

அதன் பிறகுதான் பம்பைப் போடுவார். ஒரு நாள்கூட ஒரு கேள்வி குறையவில்லை. நான் எழுதியிருக்க வேண்டிய புரோகிராமை மதினி தினமும் காலையில் என்னை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

செக்ரட்டரியிடம் அந்த ரெக்கார்டிங்கைக் குழுவிலிருந்து எடுக்கச் சொன்னேன். "கெடக்கட்டும் சார், இனிமே யாரு கேக்கப் போறா" என்றார். அதற்கு மறுப்பாக வேறொன்று பேசி அனுப்பினேன். போடுகிறேன் என்றார், போடவில்லை. ஏழாவது நாள், சாமான் எல்லாம் மாட்டி, மூன்று வால்வும் சரியாகத் திறந்து பச்சை எரிவதை மதினி மூன்று முறை சோதித்த பிறகு, அவரிடம் நேராகவே சொன்னேன். தப்பு என்னுடையது, மன்னிச்சிருங்க மதினி என்று.

"எத்தன வினாடி பேசுனிய இப்பம்?" என்று கேட்டார்.

"என்ன?"

"பத்து இருக்குமா? அது இருபத்து மூணுல்லா."

தன் போனை எடுத்து, குழுவைத் திறந்து, ரெக்கார்ட் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார். பேசினேன். பொத்தானை எழுதியது நான், தப்பு எழுதியது நான், பார்க்காமல் பழி சொன்னது நான், மதினி ஒரு நாளும் மாற்றி அமுக்கியதில்லை. பதினெட்டாவது வினாடியில் சொல்ல எதுவும் மிச்சமில்லை. மதினி கையை எடுக்கவில்லை. மீதி ஐந்து வினாடியும் பம்ப் ஓடும் சத்தம் பதிந்தது. இருபத்து மூன்றானதும் விட்டார்.

"சிரிக்கல" என்றார். "அது போதும்."

கொஞ்ச நேரம் போன் திரையையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். செக்ரட்டரி ஒரு கட்டைவிரல் போட்டார். அப்புறம் ஏ விங் அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது. மதினி அதை எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார்.

"நாளைக்குத் தண்ணி ஆறு மணிக்குத்தானே?"